ஸொட்டேரோ: சட்டக் கட்டுரைக்கு அடிக்குறிப்புப் போடுபவர்களுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

ஸொட்டேரோ என்பது மூலங்களின் விபரங்களைச் சேமித்து வைத்து, வேர்ட்டில் அடிக்குறிப்பாகப் போட்டுத்தரும் மென்பொருள். சட்ட ஆய்விதழுக்கு எழுதும் கட்டுரையில் பாதி வேலை பக்கத்தின் அடியில்தான் நடக்கிறது. பதினைந்து பக்கக் கட்டுரைக்கு நூறு அடிக்குறிப்பு வருவது இந்தத் துறையில் புதினமில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சட்டத்துறை மாணவரின் இறுதியாண்டு ஆய்வேடாக இருக்கட்டும், விரிவுரையாளர் ஒருவர் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்பும் கட்டுரையாக இருக்கட்டும், பதிப்புக் குழுவினரின் கண் முதலில் போவது அடிக்குறிப்புகளுக்கு. அங்கே ஒழுங்கில்லை என்றால், மேலே உள்ள வாதத்தையும் சந்தேகத்தோடுதான் வாசிப்பார்கள்.

எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் கேட்கப்படுவது ஒஸ்கோலா என்ற சட்ட மேற்கோள் முறை. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் 2000ஆம் ஆண்டில் பேராசிரியர் பீட்டர் பேர்க்ஸ் தொடக்கிவைத்தது. பலர் கையில் வைத்திருப்பது 2012இல் வந்த நான்காம் பதிப்பு. அதில் உயிரை எடுக்கும் விதி ஒன்று உண்டு. ஒரு மூலத்தை இரண்டாம் முறை காட்டும்போது முழு விபரமும் தேவையில்லை; ஆசிரியர் பெயரைப் போட்டு, அது முதன்முதலில் வந்த அடிக்குறிப்பின் இலக்கத்தை அடைப்புக்குள் போட்டால் போதும். வாசிக்க எளிது. ஆனால் மேற்பார்வையாளர் மூன்றாம் பக்கத்தில் "இதற்கும் ஒரு ஆதாரம் காட்டுங்கோ" என்று எழுதிவிட்டால், புதிய அடிக்குறிப்பு ஒன்று நுழைகிறது. அதற்குப் பின்னால் வரும் அடிக்குறிப்புகளின் இலக்கங்களை வேர்ட் தானாக மாற்றிவிடும். அடைப்புக்குள் நீங்கள் கையால் தட்டிய இலக்கங்களை மாற்றாது. நூறு அடிக்குறிப்பில் அறுபது பிழையான இடத்தைக் காட்டும்.

ஸொட்டேரோவை வாங்குங்கோ என்று சொல்லத் தேவையில்லை, அது இலவசம். ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006இல் வெளிவந்த திறந்தமூல மென்பொருள். இந்த மதிப்பீடு 2024 ஓகஸ்ட்டில் வந்த 7ஆம் பதிப்பை, மைக்ரோசொப்ட் வேர்ட்டோடு, இலங்கைச் சட்டக் கட்டுரைகளுக்குப் பாவிப்பதைப் பற்றியது. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: மேலே சொன்ன இலக்கப் பிரச்சினைக்கு இதைவிட நல்ல தீர்வு இலவசமாகக் கிடையாது. நூலுக்கும் இதழ்க் கட்டுரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு பாவிக்கலாம். வழக்குக்கும் கட்டளைச் சட்டத்துக்கும் அப்படிச் செய்ய முடியாது. அவற்றை எப்படி உள்ளிட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

நிறுவுவதில் சிக்கலில்லை. ஸொட்டேரோ தளத்திலிருந்து கணினிக்கான மென்பொருளையும், குரோம் அல்லது ஃபயர்பொக்ஸுக்கான கனெக்டர் என்ற உலாவி நீட்சியையும் இறக்கிக்கொள்ள வேண்டும். வேர்ட்டில் ஸொட்டேரோ என்று ஒரு பட்டி தானாக வரும். வராவிட்டால் ஸொட்டேரோவின் செட்டிங்ஸில் சைட் என்ற பகுதிக்குப் போய், வேர்ட் நீட்சியை மீள நிறுவும் பொத்தானை அழுத்துங்கள். அதே இடத்திலேயே கூடுதல் பாணிகளைத் தேடும் இணைப்பும் இருக்கிறது. ஒஸ்கோலாவைத் தேடிச் சேர்த்துவிடலாம். கைபேசி வேர்ட்டிலும் உலாவியில் திறக்கும் வேர்ட்டிலும் இந்தப் பட்டி வராது. கைபேசியில் வாசித்துத் திருத்தலாம், அடிக்குறிப்பு போடுவதற்கு மடிக்கணினியில்தான் உட்கார வேண்டும்.

அடிக்குறிப்பு போடும் முறை: வசனத்தின் முடிவில் கேர்சரை வைத்து 'அட்/எடிட் சைட்டேஷன்' பொத்தானை அழுத்துங்கள். அடிக்குறிப்பை நீங்கள் முதலில் உருவாக்கத் தேவையில்லை, ஸொட்டேரோவே உருவாக்கும். வரும் பெட்டியில் ஆசிரியர் பெயரையோ தலைப்பின் ஒரு சொல்லையோ தட்டினால் பட்டியல் விரியும். தெரிவுசெய்த பிறகு, அந்தப் பெயர்க்குமிழின் மேல் ஒரு முறை அழுத்தினால் பக்க இலக்கம் போட இடம் வரும். பக்கமா, பந்தியா, பிரிவா என்று தெரிவு செய்வதும் அங்கேதான். நடுநிலை மேற்கோள் (அறிக்கைத் தொகுதியைச் சாராமல் நீதிமன்றமே கொடுக்கும் இலக்கம்) உள்ள புதிய ஆங்கிலத் தீர்ப்புகளுக்குப் பந்தி இலக்கம் சதுர அடைப்புக்குள் வர வேண்டும் என்பதால் இந்தத் தெரிவைத் தவறவிடக் கூடாது. அதே பெட்டியில் முன்னொட்டு, பின்னொட்டு என்று இரண்டு கட்டங்கள் உண்டு. "பார்க்க", "ஒப்பிடுக" போன்றவற்றை முன்னொட்டில் போடுங்கள்.

இங்கேதான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். அடிக்குறிப்பு வந்த பிறகு அதற்குள் நேரடியாகப் போய் ஒரு காற்புள்ளியைத் திருத்துவார்கள். அடுத்த முறை ஸொட்டேரோ புதுப்பிக்கும்போது, "இந்த மேற்கோளை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், வைத்திருக்கவா?" என்ற கருத்தில் ஒரு கேள்வி வரும். ஆம் என்று சொன்னால் அந்த அடிக்குறிப்பு அதற்குப் பிறகு தானாகப் புதுப்பிக்கப்படாது. அதில் உள்ள இலக்கம் அப்படியே உறைந்துவிடும். எதற்காக ஸொட்டேரோவுக்கு வந்தோமோ அதுவே போய்விடும். திருத்தம் தேவையென்றால் ஸொட்டேரோவில் உள்ள பதிவைத் திருத்துங்கள், அல்லது அதே பொத்தானை மறுபடி அழுத்திப் பெட்டிக்குள் திருத்துங்கள். கடைசி மெருகூட்டலைக் கடைசியில் செய்யலாம், அதற்கு ஒரு வழி பின்னால் வருகிறது.

வழக்குகள்

ஆங்கில இதழ்க் கட்டுரையை ஹெய்ன்ஒன்லைன் என்ற சட்ட இதழ்த் தரவுத்தளத்திலிருந்து எடுத்தால், உலாவியில் ஒரே அழுத்தில் ஆசிரியர், தலைப்பு, தொகுதி, பக்கம் எல்லாம் வந்து விழும். லோநெட், கொமன்லீ போன்ற தளங்களில் எங்கள் தீர்ப்புகள் இலவசமாகக் கிடைப்பது பெரிய உதவி. ஆனால் அவற்றை ஸொட்டேரோவுக்குள் கையால்தான் உள்ளிட வேண்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 'நியூ லோ ரிப்போர்ட்ஸ்' (புதிய சட்ட அறிக்கைகள், சுருக்கமாக என்.எல்.ஆர்.) என்ற பழைய தீர்ப்புத் தொகுதிகளின், ஸ்கான் செய்த பக்கங்களை இழுத்துப் போட்டால் ஸொட்டேரோ அவற்றிலிருந்து எந்த விபரத்தையும் பிரித்தெடுக்காது.

புதிய பதிவைத் திறந்து 'கேஸ்' வகையைத் தெரிவு செய்யுங்கள். வழக்கின் பெயர், நீதிமன்றம், அறிக்கையின் பெயர், தொகுதி, முதற்பக்கம், தீர்ப்புத் திகதி என்று கட்டங்கள் இருக்கும். அறிக்கைப் பெயரைச் சுருக்க வடிவில், புள்ளி இல்லாமல் போடுங்கள், ஒஸ்கோலாவில் சுருக்கங்களுக்குப் புள்ளி கிடையாது. 'ஷோர்ட் டைட்டில்' என்ற கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். இரண்டாம் முறை காட்டும்போது ஸொட்டேரோ எடுப்பது அதைத்தான். விட்டால் மூன்று வரி நீளத்துக்கு மனுதாரர், எதிர்மனுதாரர் பெயர்கள் ஒவ்வொரு முறையும் வரும்.

திகதிக் கட்டத்தில்தான் கவனம் வேண்டும். கோடீஸ்வரன் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்களப் பரீட்சைக்குத் தோற்றாததால் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்ட அரச ஊழியர் தொடுத்த வழக்கு. அன்று எங்கள் இறுதி மேன்முறையீடு போன லண்டன் பிரிவிக் கவுன்சிலில் தீர்ப்பு வந்தது 1969இல். என்.எல்.ஆர். இல் அது (1969) 72 என்.எல்.ஆர். 337. அதே தீர்ப்பு ஆங்கில மேன்முறையீட்டு அறிக்கைகளில் [1970] ஏ.சி. 1111. அடைப்புகளைப் பாருங்கள். என்.எல்.ஆர். தொகுதிகள் தொடரிலக்கம் உடையவை. ஆண்டு இல்லாமலே 72ஆம் தொகுதியை எடுத்துவிடலாம், ஆகவே ஆண்டு வட்ட அடைப்புக்குள். ஏ.சி. க்குத் தொடரிலக்கம் இல்லை. எந்த ஆண்டின் தொகுதி என்று தெரிந்தால்தான் புத்தகத்தையே எடுக்க முடியும், ஆகவே சதுர அடைப்பு. அந்த ஆண்டு அறிக்கை வெளியான ஆண்டு, தீர்ப்பளித்த ஆண்டல்ல. ஏ.சி. யைக் காட்டும் பதிவில் தீர்ப்புத் திகதி என்று 1969ஐப் போட்டால், ஸொட்டேரோ 1969 என்றே அச்சிடும், வாசகர் இல்லாத பக்கத்தைத் தேடிப் போவார்.

இது ஒற்றை விதிவிலக்கல்ல. இலஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க வழக்கு (1964) 66 என்.எல்.ஆர். 73, மற்றதில் [1965] ஏ.சி. 172. லியனகே வழக்கு (1965) 68 என்.எல்.ஆர். 265, மற்றதில் [1967] 1 ஏ.சி. 259. பிரிவிக் கவுன்சிலுக்குப் போன எங்கள் அரசியலமைப்பு வழக்குகள் பலவற்றுக்கும் இந்த ஆண்டு இடைவெளி உண்டு. ஒரு கட்டுரைக்கு எந்த அறிக்கை என்று முதலிலேயே முடிவுசெய்து ஒன்றை மட்டும் பதியுங்கள். இலங்கை இதழுக்கு என்.எல்.ஆர். போதும். இரண்டையும் காட்ட வேண்டுமானால், ஒன்றைப் பதிவிலும் மற்றதைப் பின்னொட்டுக் கட்டத்திலும் போடலாம், இணை மேற்கோளுக்கென்று ஸொட்டேரோவில் தனிக் கட்டம் இல்லை.

1978க்குப் பிந்திய இலங்கைச் சட்ட அறிக்கைகளுக்கு ஆண்டும் தேவை, தொகுதி இலக்கமும் தேவை. எப்பாவல பொஸ்பேற் வழக்கு, அதாவது புலன்குலம வழக்கு, [2000] 3 ஸ்ரீ எல்.ஆர். 243. இங்கே தொகுதி இலக்கம் இருந்தும் சதுர அடைப்புத்தான் சரி, ஏனென்றால் 3 என்பது 2000ஆம் ஆண்டின் மூன்றாம் தொகுதி. தொகுதி இலக்கத்தைப் பார்த்து அடைப்பைத் தீர்மானிக்கும் எந்த மென்பொருளும் இங்கே தடுமாறலாம். ஆகவே ஒவ்வொரு வழக்கும் முதன்முதல் வரும் அடிக்குறிப்பை மட்டும் கண்ணால் சரிபாருங்கள். ஒரு கட்டுரையில் முப்பது வழக்கு இருந்தால் அரை மணித்தியால வேலை. அந்த அரை மணித்தியாலத்தை ஒருபோதும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பெயர் எழுத்துக்கூட்டலும் ஒரு தலையிடி. கோடீஸ்வரன் என்ற பெயர் ஆங்கிலத்தில் ஒற்றை 'ஈ' யோடும் இரட்டை 'ஈ' யோடும் எழுதப்படுகிறது. இரண்டு பேர் சேர்ந்து எழுதும்போது ஒருவர் ஒரு விதமாகவும் மற்றவர் வேறு விதமாகவும் பதிந்தால், ஸொட்டேரோவுக்கு அவை இரண்டு வழக்குகள். இரட்டைப் பதிவுகளைக் காட்டும் பட்டியலிலும் அகப்படாது. 'மேலது' (முந்திய அடிக்குறிப்பில் உள்ள அதே மூலம்) என்று வர வேண்டிய இடத்தில் முழு மேற்கோளும் மறுபடி வரும். அது நடந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்தைக் குறிக்கும் தேசவழமை என்ற சொல்லுக்கும் ஆங்கிலத்தில் மூன்று நான்கு எழுத்துக்கூட்டல் புழக்கத்தில் இருக்கிறது. தேடும்போது எல்லாம் ஒன்றாக வர வேண்டுமானால், தொடர்பான ஒவ்வொரு பதிவுக்கும் 'தேசவழமை' என்று தமிழிலேயே ஒரு டாக் போட்டுவிடுங்கள்.

கட்டளைச் சட்டங்கள்

'ஸ்டாட்டியூட்' வகையின் கட்டங்கள் அமெரிக்காவை மனதில் வைத்து அமைக்கப்பட்டவை. எங்களுடைய "1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க" என்ற வடிவத்துக்கு அங்கே இடமில்லை. நடைமுறையில் ஒத்துவரும் வழி: யாழ்ப்பாண மணவுரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் என்ற பெயரோடு இலக்கத்தையும் ஆண்டையும் சேர்த்து, எல்லாவற்றையும் பெயர்க் கட்டத்திலேயே போடுங்கள். திகதிக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். அதையும் நிரப்பினால் ஆண்டு இரண்டு தடவை வந்துவிடலாம். பிரிவு இலக்கத்தைப் பதிவில் போட வேண்டாம், ஒவ்வொரு மேற்கோளிலும் அது மாறும். அடிக்குறிப்புப் பெட்டியில் 'செக்ஷன்' என்று தெரிவுசெய்து அங்கே போடுங்கள்.

1947இன் 58ஆம் இலக்கம் மேற்சொன்ன கட்டளைச் சட்டத்தைத் திருத்தியது, 59ஆம் இலக்கம் தேசவழமை முற்கொள்வனவு (காணியை மற்றவருக்கு முன் வாங்கும் உரிமை) பற்றியது. அடுத்தடுத்த இலக்கங்கள், ஒரே ஆண்டு. பெட்டியில் தட்டும்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும், அவசரத்தில் மாறி விழும். முற்கொள்வனவு பற்றிய பந்தியில் 58 வந்தால், பொருள் தெரிந்த மதிப்பாய்வாளர் உடனே பிடிப்பார். தெரியாத பதிப்பாசிரியர் விட்டுவிடுவார், பிழை அச்சில் நிலைத்துவிடும். குறும்பெயரைத் தெளிவாக வைப்பதுதான் தடுப்பு.

தமிழ்ப் பெயர், தமிழ் எழுத்து

எங்கள் பெயர் அமைப்பில் தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். வெளிநாட்டுத் தரவுத்தளங்கள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுக்கும். சில வேளை அது தற்செயலாகப் பொருந்தும், சில வேளை ஒரே ஆசிரியர் நூற்பட்டியலில் இரண்டு இடத்தில் இரண்டு பெயரில் நிற்பார். பெயர்க் கட்டத்தின் ஓரத்தில் உள்ள சிறு பொத்தானால் இரண்டு கட்டத்தை ஒரே கட்டமாக்கலாம். பெயரை எப்படி அச்சிட வேண்டுமோ அப்படியே அதில் எழுதிவிட்டால் ஸொட்டேரோ அதைப் பிரித்து விளையாடாது. 'நூலகம்' என்ற இணைய ஆவணத் தளத்திலிருந்து யாழ்ப்பாண வெளியீடுகளை எடுக்கும்போதும் தானாக வரும் விபரத்தை நம்பாமல், பதிவு வகையை நூல் என்றோ இதழ்க் கட்டுரை என்றோ மாற்றி, பிரசுர ஆண்டை உள்ளட்டையில் பார்த்துப் போடுங்கள்.

தமிழில் எழுதும் கட்டுரைக்கு ஒஸ்கோலா பாணியைப் போட்டால், 'இபிட்' என்றும் பதிப்பு, மற்றும் என்பவற்றுக்கு ஆங்கிலச் சொற்களாகவும் வரும். ஒவ்வொன்றையும் கையால் மாற்றக் கூடாது, மேலே சொன்ன உறைதல் பிரச்சினை வரும். பாணிக் கோப்பையே ஒரு பிரதி எடுத்துத் திருத்துவதுதான் சரியான வழி. அது வெறும் எழுத்துக் கோப்பு. ஸொட்டேரோவுக்குள் உள்ள பாணித் திருத்தியில் திறந்து, முதலில் பாணியின் பெயரையும் அடையாள வரியையும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் அடுத்த தானியங்கிப் புதுப்பிப்பில் உங்கள் திருத்தம் அழிந்துவிடும். பிறகு சொற்கள் வரையறுக்கப்படும் பகுதியில் 'இபிட்' க்கு 'மேலது', பதிப்பைக் குறிக்கும் சொல்லுக்கு 'பதிப்பு' என்று எழுதிச் சேமியுங்கள். கணினி படித்த ஒருவருக்கு ஒரு மணித்தியால வேலை. சட்ட மாணவர் மன்றம் ஒன்று இதை ஒரு தடவை செய்து எல்லோருக்கும் கொடுத்தால், தமிழில் சட்டம் எழுதும் எல்லோருக்கும் பெரும் உபகாரமாக இருக்கும். நீதிமுரசு போன்ற தமிழ் வெளியீடுகளில் எழுதத் தொடங்கும் மாணவருக்கு இந்த ஒரு தடை குறைந்தால், வாதத்தில் செலவழிக்க நேரம் கிடைக்கும்.

பாமினி எழுத்துருவை இந்த மதிப்பீட்டில் தவிர்க்க முடியாது. யாழ்ப்பாணத்தில் கொமியூனிகேஷன் கடைகளிலும் அச்சகங்களிலும் இன்னும் நிறையத் தட்டச்சு பாமினியில் நடக்கிறது. பாமினியில் தட்டிய கட்டுரைக்குள் ஸொட்டேரோ ஆங்கில மேற்கோளைப் போட்டால், ஆங்கில எழுத்துகள் எல்லாம் அந்த எழுத்துருவின் தமிழ் வடிவங்களாகத் தெரியும். வழக்கின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பொருளில்லாத தமிழ் எழுத்துக் குவியல் நிற்கும். மேற்கோள் அழியவில்லை, எழுத்துரு மட்டும்தான் பிழை. வேர்ட்டின் ஸ்டைல்ஸில் 'ஃபுட்நோட் டெக்ஸ்ட்' என்பதற்கு யுனிகோட் எழுத்துரு ஒன்றைக் கொடுத்தால் சரியாகிவிடும். ஆனால் கட்டுரை முழுவதையும் யுனிகோடில் எழுதுவதுதான் உருப்படியான வேலை. பாமினியில் அச்சிட்டு இணையத்தில் ஏற்றிய பிடிஎஃப் கோப்பில் 'தேசவழமை' என்று யார் தேடினாலும் அகப்படாது. ஆய்விதழ் வெளியிடுவதே தேடுபவருக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காக. அச்சகம் பாமினிதான் வேண்டும் என்றால் அச்சுக்கு மட்டும் மாற்றிக் கொடுத்து, இணையத்துக்கு யுனிகோட் பிரதியைத் தனியாக ஏற்றுங்கள். இன்னும் பேஜ்மேக்கரில் பக்கம் அமைக்கும் இடமாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: அதில் அடிக்குறிப்பு வசதியே இல்லை. பக்க அமைப்பாளர் ஒவ்வொன்றையும் கையால் பக்கத்தின் அடியில் வைப்பார். நூறு அடிக்குறிப்புள்ள சட்டக் கட்டுரைக்கு அது பிழைகளை வரவழைக்கும் வழி. இன்டிசைனில் செய்பவரைத் தேடுங்கள்.

அனுப்புவதற்கு முன்

கட்டுரை முடிந்ததும் முதலில் 'ரிஃப்ரெஷ்' அழுத்தி எல்லா இலக்கங்களையும் புதுப்பியுங்கள். பெரிய ஆவணத்தில் ஒவ்வொரு அடிக்குறிப்புக்கும் வேர்ட் திணறினால், ஆவண விருப்பங்களில் தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவைத்து இடையிடையே கையால் புதுப்பிக்கலாம். நிறுத்தியதை மறந்து அப்படியே அனுப்பிவிடும் ஆபத்து உண்டு, அதனால்தான் இந்தப் படி முதலில் வருகிறது. அதே இடத்தில் மெட்லைன் சுருக்கங்களைப் பாவிக்கும் தெரிவு இருந்தால் எடுத்துவிடுங்கள். அது மருத்துவ இதழ்களுக்கானது. சட்ட இதழ்களின் சுருக்கத்தைப் பதிவிலுள்ள சுருக்கக் கட்டத்தில் நீங்களே போட வேண்டும்.

அடுத்து, கோப்பை வேறு பெயரில் சேமியுங்கள். அந்தப் பிரதியில் மட்டும் 'அன்லிங்க் சைட்டேஷன்ஸ்' அழுத்துங்கள். மேற்கோள்கள் எல்லாம் சாதாரண எழுத்தாக மாறிவிடும், திரும்பிப் போக வழியில்லை. கடைசி மெருகூட்டலை இதில் செய்யலாம்: விடுபட்ட அடைப்பு, கையால் எழுதிய விளக்கக் குறிப்புக்கு அடுத்து வரும் 'மேலது' உண்மையிலேயே மேலதுதானா என்பது போன்றவை. இதழுக்குப் போவது இந்தப் பிரதி. மதிப்பாய்வு முடிந்து திருத்தச் சொல்லி வந்தால் பழைய, இணைப்பு உள்ள பிரதியில் திருத்தி, மறுபடி இதே படி. பெயர் மறைத்து மதிப்பாய்வு செய்யும் இதழாக இருந்தால், வேர்ட்டின் ஆவண ஆய்வு வசதியால் கோப்பின் உள்ளே உள்ள ஆசிரியர் பெயரையும் அழித்துவிடுங்கள். உங்கள் சொந்தக் கட்டுரையை "எனது முந்திய கட்டுரையில்" என்று காட்டியிருந்தால் வசனத்தையும் மாற்றுங்கள்.

அத்தியாயத்துக்கு அத்தியாயம் அடிக்குறிப்பு ஒன்றிலிருந்து தொடங்கும் ஆய்வேடுகளில் இந்த இலக்கக் கணக்கு குழம்பும். அத்தியாயங்களைத் தனித்தனிக் கோப்பாக வைத்து, அன்லிங்க் செய்த பிறகு ஒன்றாகச் சேர்ப்பது பாதுகாப்பானது.

அமெரிக்கச் சட்ட ஆய்விதழ்களுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அங்கே இதழ்களை நடத்துவது மாணவர்கள், மேற்கோளுக்கு ப்ளூபுக். ஹார்வர்ட், யேல், கொலம்பியா, பென்சில்வேனியா ஆகியவற்றின் மாணவ இதழ்கள் சேர்ந்து வெளியிடும் அந்த விதிநூலின் நுணுக்கம் ஸொட்டேரோவின் பாணிக்குள் அடங்கவில்லை; குறிப்புச் சொற்கள், அடைப்பு விளக்கங்கள், குறுவடிவங்கள் எல்லாவற்றையும் கையால் பார்க்க வேண்டும். ஆனால் வேறொரு இடத்தில் அது பெரிதும் உதவும். ஏற்றுக்கொண்ட கட்டுரையின் ஒவ்வொரு அடிக்குறிப்பையும் அந்த மாணவர்கள் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். அவர்களுக்கு எளிதில் கிடைக்காத இலங்கை மூலங்களின் பிரதியை எழுதியவரிடம் கேட்பார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் பிடிஎஃப் பிரதியை இணைத்து வைத்திருந்தால், கோப்புகளோடு ஏற்றுமதி செய்து அன்றைக்கே அனுப்பிவிடலாம். என்.எல்.ஆர். பக்கத்தைத் தேடி மறுபடி நூலகத்துக்கு ஓடத் தேவையில்லை.

இடமும் காசும்

இலவசக் கணக்கில் கோப்புகளுக்கு 300 மெகாபைற்று இடம் கிடைக்கும். எழுத்துப் பதிவுகள் அதில் கணக்கில்லை, பிடிஎஃப் மட்டும்தான். ஸ்கான் செய்த தீர்ப்புகள் கனமானவை என்பதால் இது ஒரு ஆய்வேட்டுக்கே போதாமல் போகலாம். ஆண்டுக்கு 20 டொலர் கட்டினால் 2 கிகாபைற்று. மாணவருக்கு அது தேவையில்லை என்பது எங்கள் கருத்து. செட்டிங்ஸில் கோப்பு ஒத்திசைவை மட்டும் நிறுத்திவிட்டு, பதிவுகளை ஒத்திசைய விட்டு, கோப்புகளை வெளிப்புற வன்தட்டில் வாரத்துக்கு ஒரு தடவை பிரதியெடுங்கள். ஸொட்டேரோவின் தரவுக் கோப்புறையை மைக்ரோசொப்ட் ஒன்டிரைவ் அல்லது கூகுள் டிரைவ் கோப்புறைக்குள் நகர்த்தாதீர்கள். தரவுத்தளம் பழுதாவதற்கு நிச்சயமான வழி அது.

மாற்று வழிகளில் மென்டலே எல்செவியரின் கையில் இருக்கிறது, என்ட்நோட் காசுக்கு. சட்டத்துக்கென்றே ஸொட்டேரோவிலிருந்து கிளைத்த ஜூரிஸ்-எம் நல்ல சிந்தனையோடு செய்யப்பட்டது, ஆனால் ஸொட்டேரோவின் புதிய பதிப்புகளோடு சேர்ந்து வளரவில்லை. இப்போது தொடங்குபவருக்குச் சொல்ல மாட்டோம். மென்பொருளே வேண்டாம் என்பவருக்கு வேர்ட்டுக்குள்ளேயே ஒரு வழி உண்டு: அடைப்புக்குள் இலக்கத்தைத் தட்டாமல், 'கிரொஸ் ரெஃபரன்ஸ்' மூலம் அந்த அடிக்குறிப்பின் இலக்கத்தைச் செருகுங்கள். முடிவில் அடிக்குறிப்புப் பகுதிக்குள் போய் எல்லாவற்றையும் தெரிவுசெய்து எஃப்9 அழுத்தினால் இலக்கங்கள் புதுப்பிக்கப்படும். நாற்பது அடிக்குறிப்புக்குள் அடங்கும் கட்டுரைக்கு இது தாராளமாகப் போதும்.

மாணவர் சட்ட இதழின் பதிப்புக் குழுவுக்குத்தான் ஸொட்டேரோவின் குழு நூலகம் அதிகம் பயன்படும். குழு தொடங்கக் காசில்லை, உறுப்பினர் எண்ணிக்கைக்கும் வரம்பில்லை. ஒரே கட்டுரையில் வேலை செய்யும் எல்லோரும் தங்கள் சொந்த நூலகத்திலிருந்து எடுக்காமல் குழு நூலகத்திலிருந்துதான் மேற்கோளைச் செருக வேண்டும். இல்லாவிட்டால் ஒரே நூல் இரண்டாகக் கணக்கிடப்பட்டு இலக்கங்கள் குழம்பும். ஆவணத்தில் பாவித்த பதிவை யாரும் அழிக்கக் கூடாது, இரட்டைப் பதிவு இருந்தால் ஒன்றிணைக்க வேண்டும். குழுவின் கோப்புகள் குழு உரிமையாளரின் 300 மெகாபைற்றிலிருந்துதான் கழியும். அந்த உரிமையாளர் இறுதியாண்டு மாணவராக இருந்தால், பட்டம் பெற்று வெளியேறுமுன் குழு அமைப்புகளில் உரிமையை அடுத்த ஆண்டு பதிப்பாசிரியரின் கணக்குக்கு மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். முதலில் அவரை நிர்வாகியாகச் சேர்த்தால்தான் உரிமை மாற்றத்தில் அவர் பெயர் வரும்.